மாற்றுச் சிறுநீரகத்துக்கான குளிசைப் பாடம்: யூடியூப்பா, ஆங்கிலப் பக்கமா, வாட்ஸ்அப்பா?

சிறுநீரக மாற்றுச் சிகிச்சை முடிந்து டிக்கட் வெட்டி வீட்டுக்கு வருபவரின் கையில் ஒரு பை நிறையக் குளிசை இருக்கும். டாக்ரோலிமஸ், மைகோபெனோலேட், பிரெட்னிசலோன் ஆகிய மூன்றும் அநேகமானோருக்குப் பொது. அதற்கு மேல் தொற்று வராமலிருக்க, பிரஷருக்கு, வயிற்றுக்கு என்று இன்னும் சில. வார்ட்டில் விளக்கம் சொல்லித்தான் அனுப்புவார்கள். ஆனால் வீட்டுக்குப் போகிற அவசரத்தில், அதுவும் பாதி சிங்களத்தில் சொன்னது, எவ்வளவு காதில் ஏறும்? கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மகனோ மகளோ ஃபோனை எடுத்துத் தேடத் தொடங்குவார்கள்.

முதலில் கண்ணில் படுவது தமிழ்நாட்டு வைத்தியர்களின் யூடியூப் காணொளிகள். ‘ஏன்’ என்ற கேள்விக்கு இவற்றை மிஞ்ச ஆளில்லை. புதிய சிறுநீரகத்தை உடம்பு அந்நியனாகப் பார்க்கும், அந்த எதிர்ப்பை அடக்கத்தான் இந்தக் குளிசைகள், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தினால் சிறுநீரகம் போய்விடும் என்பதை வயதான அம்மாவுக்கும் விளங்கும்படி சொல்லிவிடுகிறார்கள். ‘எப்படி’ என்று வரும்போதுதான் சறுக்கல். உதாரணத்துக்கு, டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை. காலைக் குளிசை போடுவதற்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும், குளிசையைக் கையோடு கொண்டுபோய் ரத்தம் எடுத்த பிறகு போட வேண்டும். சீனி பார்க்கப் போவது போல வெறும் வயிற்றோடு போனால் போதும் என்று நினைத்து, குளிசையை மட்டும் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் போனால், அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி வைத்தியர் மருந்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நீளமான காணொளியில் இந்த விஷயம் ஒரு வரியில் வந்து போய்விடும், சிலவற்றில் வராமலே போகும்.

ஆங்கிலப் பக்கங்கள் நேர்மாறு. அமெரிக்காவின் தேசிய சிறுநீரக அறக்கட்டளை, பிரிட்டனின் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ். போன்றவற்றின் பக்கங்கள் வறண்ட நடையில்தான் இருக்கும். ஆனால் வேண்டியது இருக்கும். மருந்தோடு மருந்து மோதுவதைத் தெரிந்துகொள்ள இவைதான் நல்லது. கிளாரித்ரோமைசினும் ஃப்ளூகொனசோலும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். காலி வீதியில் ஏதோ ஒரு பார்மசியில் மூட்டு வலிக்கென்று சாதாரணமாக வாங்கும் டைக்ளோஃபெனாக், மாற்றுச் சிறுநீரகத்துக்கு ஆகாது. கர்ப்பம் பற்றியும் பூசி மெழுகாமல் பேசுகிறார்கள். மைகோபெனோலேட் கருவைப் பாதிக்கும், குழந்தை வேண்டுமென்றால் குறைந்தது 6 வாரம் முன்னதாகவே வைத்தியர் வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். நம் ஆட்கள் இந்தப் பேச்சைக் கூச்சத்தில் தாண்டிவிடுகிறார்கள், இளம் பெண்களுக்கு அதனால் நஷ்டம்.

ஆனால் அந்தப் பக்கங்கள் கொழும்புக்காக எழுதப்பட்டவை அல்ல. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ. 2012இல் டாக்ரோலிமஸைக் கம்பெனிப் பெயரோடுதான் எழுத வேண்டும், அதே பெயரில்தான் கொடுக்க வேண்டும் என்றது. காரணம் சரியானது. டாக்ரோலிமஸே இரண்டு கம்பெனிப் பெயர்களில் வருகிறது: புரோகிராஃப் நாளுக்கு இரண்டு வேளை, அட்வகிராஃப் ஒரே வேளை. மாறிப் போனால் விபரீதம். இங்கேயோ அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம், ஆனால் எந்தப் பெயரில் வந்திருக்கிறதோ அதுதான் கைக்கு வரும். 2022 தட்டுப்பாட்டின்போது கிடைத்ததை வாங்க வேண்டிய நிலையும் இருந்தது. ‘பெயரை மாற்றாதீர்கள்’ என்ற அறிவுரையை வைத்து இங்கே என்ன செய்வது? செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெட்டி மாறினால் போடுவதற்கு முன் கிளினிக்கில் காட்டி, ஒரு வேளையா இரு வேளையா என்று கேட்டு, ரத்த அளவை மறுபடி பார்க்க வேண்டுமா என்றும் கேட்பது. இதை எந்தப் பக்கமும் எங்கள் ஊர்க் கணக்கில் சொல்லித் தராது.

சாப்பாட்டு விஷயத்திலும் இதே கதை. கிரேப்ஃப்ரூட் வேண்டாம், செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் மூலிகை வேண்டாம் என்று பக்கம் பக்கமாக எச்சரிக்கை. அந்த மூலிகையைக் கொழும்பில் யார் குடிக்கிறார்கள்? இங்கே கேட்க வேண்டியது பம்பளிமாசைப் பற்றி. அது கிரேப்ஃப்ரூட்டுக்குச் சொந்தம்தான், அதையும் தவிர்ப்பதே நல்லது. அப்புறம் தடிமன் வந்தால் உடனே கரைத்துக் குடிக்கும் மூலிகைப் பக்கெட்டுகள், உறவினர் கொண்டுவந்து தரும் சூரணங்கள். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத எதையும் கேட்காமல் குடிக்கக் கூடாது.

நோயாளிகளின் வாட்ஸ்அப் குழு? எந்த பார்மசியில் குளிசை இருக்கிறது என்று கேட்க அருமையான இடம். மனம் சோர்ந்த இரவில் துணைக்கும் ஆள் கிடைக்கும். ஆனால் ‘எனக்கு 2 மில்லிகிராம்தான், உங்களுக்கு ஏன் 4?’ என்ற பேச்சு தொடங்கினால் ஃபோனை வைத்துவிடுவது உத்தமம். டாக்ரோலிமஸின் அளவு ஆளுக்கு ஆள் வேறு, அதே ஆளுக்கும் முதல் மாதத்தில் ஒன்று, இரண்டாம் வருடத்தில் இன்னொன்று. இந்தக் குளிசை 0.5, 1, 5 மில்லிகிராம் என்று பல அளவுகளில் வருகிறது. அவசரத்தில் தட்டும் செய்தியில் ஒரு புள்ளி விடுபட்டால் பத்து மடங்கு வித்தியாசம்.

மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால் நான் ஆங்கிலப் பக்கத்தை எடுப்பேன், வீட்டில் ஒருவருக்கு ஆங்கிலம் ஓடினால். ஆனால் கிளினிக் மருந்தாளரோ தாதியோ ஸூமில் அல்லது வாட்ஸ்அப் அழைப்பில் தமிழில் கால் மணி நேரம் பேசக் கிடைத்தால், இந்த மூன்றையும் ஓரத்தில் வைத்துவிடலாம். பெட்டியைக் கெமராவுக்குக் காட்டலாம், பெயரை அவரே வாசிப்பார். அதைவிட முக்கியம், அவர் திருப்பிக் கேட்பார்: “அம்மா, நாளைக்குக் காலையில் ரத்தம் கொடுக்கப் போகிறீர்கள். காலைக் குளிசையை என்ன செய்வீர்கள்?” “போட்டுவிட்டுத்தானே வருவேன்” என்று அம்மா சொன்னால், அந்த நிமிடமே திருத்திவிடலாம்.