சீதன வீட்டு விறாந்தையில் வாசித்தவை

நான் இருக்கிற வீடு என்னுடையதல்ல. இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிற எங்கள் தம்பிலுவிலில் கல்யாணம் முடித்த ஆம்பிளைகளில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொல்லுவார்கள். வீட்டு உறுதிப் பத்திரம் பெண்சாதியின் பெயரில் இருக்கும். முப்பத்தொரு வருசத்துக்கு முன் பெரியகல்லாற்றிலிருந்து ஒரு றங்குப் பெட்டியோடு வந்து ஏறியவன் நான். இப்போது இந்த வீட்டை மூத்தவளுக்கு எழுதிவிட்டு, பின் வளவில் சின்னவளுக்கு ஒன்று கட்டுகிறோம். மேசன் வராத நாளில்தான் வாசிப்பு. அவர் அடிக்கடி வராததால் இந்த முறை பெரிய புத்தகமே முடிந்துவிட்டது.

டெனிஸ் மக்கில்வ்ரேயின் 'குருசிபிள் ஒஃப் கொன்ஃபிளிக்ட்'. 2008இல் டியூக் பல்கலைக்கழகம் வெளியிட்டது, நானூறு பக்கத்துக்கு மேல். பெறாமகன் இரவல் தந்தான். அமெரிக்க மானிடவியலாளர் ஒருவர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து, தமிழரோடும் முஸ்லிம்களோடும் பழகி, பிறகும் திரும்பத் திரும்ப வந்து எழுதியது. 'மோதலின் உலை' என்கிற மாதிரிப் பெயர்; அதைப் பார்த்துப் போரைப் பற்றிய புத்தகம் என்று நினைத்தேன். உள்ளே போனால் எங்கள் குடியும் (தாய்வழியாக வரும் வம்சம்) கோயிலும் வளவும்.

தாய்வழிக் குடி, ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை, கோயில் காரியம் பார்க்கக் குடிக்கொரு வண்ணக்கர், பள்ளிவாசல் காரியத்துக்கு மரைக்கார்: இவையெல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். ஆனால் பக்கத்தூர் முஸ்லிம்களிடமும் இதே குடி முறை, இதே சீதன வீடு இருப்பதை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் காட்டும்போது வேறு மாதிரி இருக்கிறது. இருபது வருசம் அக்கரைப்பற்றுக் கந்தோரில் முஸ்லிம் நண்பர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன். 'உங்கட குடி என்ன?' என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

சீதன வீட்டுப் பகுதியைச் சத்தமாக வாசித்து அர்த்தம் சொன்னேன். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் அடுத்தவளுக்காக இன்னொன்று கட்டி அங்கே மாறுவது. மனைவி மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள்:

"மச்சான், இதுக்கா அந்த மனிசன் அவ்வளவு தூரத்தில இருந்து வந்தவர்? எங்கட அம்மாக்கிட்டக் கேட்டிருந்தா ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில சொல்லியிருப்பா."

அம்மாமாரிடம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார் என்றேன். "அப்ப சரி," என்றாள்.

குறையும் உண்டு. தொடக்கத்து வரலாற்று அதிகாரங்கள் கடற்கரை மணலில் சைக்கிள் உழக்குகிற மாதிரி. அடிக்குறிப்புகளுக்குப் பயந்து நான் இரண்டு தடவை மூடி வைத்தேன். குடியைப் பற்றிய பகுதியிலிருந்து தொடங்கி, பிறகு முன்னுக்குப் போவதுதான் எங்களைப் போன்றவர்களுக்குச் சுகம். இன்னொன்று: ஒரு வீட்டுக்குக் கல்லறுத்து, சீமெந்து சுமந்து, நகை அடகு வைக்கிற குடும்பத்தின் களைப்பு, ஒழுங்குகளை விளக்குகிற வேகத்தில் பின்னுக்குப் போய்விடுகிறது என்று எனக்குப் பட்டது. இது கடன்காரனின் விமர்சனம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாசிக்கும்போது சுனாமி வீடுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. 2004க்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் 'வீட்டுத் தலைவர்' என்று ஆம்பிளையின் பெயரை எழுதினார்கள். பெண்ணுக்கு வீடு என்ற ஊரில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று ஒரு அலுவலருக்கும் விளங்கவில்லை. என் மச்சாள் ஒருத்தி இன்னும் அந்த உறுதியோடு அலைகிறாள்.

இடையில் கதையும் வாசித்தேன்: கல்முனை உமா வரதராஜனின் 'அரசனின் வருகை'. முன்பே வாசித்ததுதான். பாழாக்கப்பட்ட நகரத்துக்கு அரசன் வருகிறான், அவ்வளவுதான் கதை. எந்த ஊர், எந்த அரசன் என்று சொல்லவில்லை. இங்கே யாருக்கும் சொல்லத் தேவையும் இல்லை. பெரியவர் ஒருவர் வருகிறார் என்றால் முதல்நாள் இரவே குழிகளில் கிறவல் கொட்டுகிறார்களே, அதைக் கண்டவனுக்கு இந்தக் கதை நடுங்க வைக்கும். மக்கில்வ்ரே பக்கம் பக்கமாக விளக்குவதற்குப் பக்கத்தில் இது ஒன்றையும் விளக்காமல் நிற்கிறது. அந்த ராத்திரி எனக்கு நித்திரை வரவில்லை.

பெரிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் பெறாமகன் கேட்டுவிட்டான். மனைவி தர விடுகிறாள் இல்லை. பழைய படங்களில் தன் பெரியம்மாவின் சாயலில் ஒரு பெண் நிற்கிறாளாம். பூதக்கண்ணாடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள்.