ஆறு வருடமாக ஸ்பானிஷில் ‘அழகா இருக்கீங்க’ சொல்லிப் பார்த்ததில்

2018-இல் வேலைக்காக மாட்ரிட் வந்தேன். ஸ்பானிஷ் வகுப்பில் முதல் மாதமே சொல்லித்தந்த வார்த்தை குவாப்போ. பெண் என்றால் குவாப்பா. அழகன், அழகி என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த வாரமே அந்தோன் மார்த்தின் சந்தையில் பழக்கடை அம்மா, “என்ன போடட்டும், குவாப்போ?” என்றார். ஊரில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அரைக் கிலோ தக்காளிக்குப் போனவன் இரண்டு கிலோ ஆரஞ்சும் சேர்த்து வாங்கினேன். பையை எடுத்துக்கொண்டு நகரும்போதுதான், எனக்குப் பின்னால் நின்ற எண்பது வயதுத் தாத்தாவையும் அவர் அதே வார்த்தையால் கூப்பிட்டது காதில் விழுந்தது.

நம்மூர்க் காய்கறிக்காரம்மாவின் “என்ன கண்ணு வேணும்?” தான் இது. தோழிகள் ஒருவரையொருவர் இப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். செவில்லாவில் புனித வாரத்தின்போது மக்கரேனா மாதாவின் சிலை தெருவுக்கு வந்தால் கூட்டம் “குவாப்பா! குவாப்பா!” என்றுதான் கூவும். ஆகவே ஸ்பெயினில் பழகியவர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஊர் மாறினால் பொருளும் மாறும். தெத்துவான் பகுதியில் டொமினிக்கன் குடியரசுக்காரர் ஒருவரிடம் முடி வெட்டிக்கொள்கிறேன். ஒரு நாள் அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். “எஸ்தாஸ் குவாப்போ” என்றேன். “எனக்கு என்ன கோபம்? நான் நல்லாத்தானே இருக்கேன்” என்றார். அவர்கள் ஊரில் அதற்குக் கோபமாக இருக்கிறாய் என்று அர்த்தமாம்.

அடுத்தது நான் சறுக்கிய இடம். தமிழ் பேசுகிற எவரும் இங்கே சறுக்க வாய்ப்புண்டு. ஸ்பானிஷில் ‘இரு’வுக்கு இரண்டு வினைகள். இயல்பைச் சொல்ல செர். இப்போதைய நிலையைச் சொல்ல எஸ்தார். “எரெஸ் குவாப்பா” என்றால் நீ அழகி. “எஸ்தாஸ் குவாப்பா” என்றால் இன்றைக்கு அழகாக இருக்கிறாய். (“அப்போ நேத்து?” என்று கேட்பவர்கள் ஸ்பெயினிலும் உண்டு.) நமக்கு இரண்டும் ஒரே ‘இருக்கு’. மதியச் சாப்பாட்டில் பருப்புச் சூப் நன்றாக இருந்தால் “எஸ்தா புவேனா” என்று சொல்லப் பழகியிருந்தேன். சாப்பாடு நல்லா இருக்கு, சரியான வாக்கியம். அதே மாலை, புதுப் புடவை கட்டியவரிடம் “நல்லா இருக்கீங்க” என்று சொல்வோமே, அந்த நினைப்பில் அலுவலகத் தோழியிடம் “எஸ்தாஸ் புவேனா” என்றேன். மேசையைச் சுற்றி ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அது உடம்பை வெறித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிற பேச்சு. நல்லவேளை, அவர் சிரித்துவிட்டு எஸ்தார் பாடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். ஒரு மாதம் வரை சூப்பைக்கூட நான் பாராட்டவில்லை.

அன்றிலிருந்து என்னைக் காப்பாற்றிவருவது “தே கேதா பியேன்”. உனக்கு இது பொருந்துகிறது, எடுப்பாக இருக்கிறது என்று சொல்வது. சட்டை, கண்ணாடி, முடிவெட்டு, தாடி எதற்கும் செல்லும், மேலாளரிடமும் சொல்லலாம். பாராட்டு ஆளின் மேல் விழாமல் அவர் தேர்ந்தெடுத்த பொருளின் மேல் விழுவதால் யாருக்கும் கூச்சமில்லை. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட இது சொதப்பியதில்லை. கோட்டு, டை என்று பளிச்சென்று வந்த ஆணுக்கு “எச்சோ உன் பின்தேல்”, தூரிகை மாதிரி இருக்கிறாய் என்பதும் எனக்குப் பிடிக்கும். வயதானவர்களுக்கு, உங்களுக்கு மட்டும் வருடம் ஓடவில்லையே என்றால் போதும்; ஒரு காபி நிச்சயம்.

பாலாடைக்கட்டி மாதிரி இருக்கிறாய், ரயில் மாதிரி இருக்கிறாய், ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடலாம் போல இருக்கிறாய் என்றெல்லாமும் சொல்வார்கள். கேட்க வேடிக்கை. காதலிக்கு வைத்துக்கொள்ளுங்கள், வேறு எங்கும் வேண்டாம். முக்கியமாகத் தெருவில் போகும் முகம் தெரியாத பெண்ணிடம் வேண்டவே வேண்டாம். பிரோப்போ என்ற அந்தத் தெருப் பாராட்டைப் பழைய நாகரிகம் என்று சிலர் இன்னும் கொண்டாடுகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. 1928-இன் தண்டனைச் சட்டத்திலேயே அதற்கு அபராதம் இருந்தது. 2022-இல் வந்த சட்டத்தின்படி, ஒருவரை அவமானப்படுத்தும் விதமான பாலியல் பேச்சு குற்றம்.

பாராட்டை வாங்கிக்கொள்ளவும் பயிற்சி வேண்டும். சட்டை நன்றாக இருக்கிறது என்றால், ஸ்பெயின்காரர்கள் தள்ளுபடியில் வாங்கியது என்று விலையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். அப்படியே நம் ஆட்கள். எனக்குப் பிடித்த பதில் “தூ கே மே வேஸ் கோன் புவேனோஸ் ஓஹோஸ்”. நீ நல்ல கண்ணால் பார்க்கிறாய், அதனால் என்று பொருள். கொள்ளிக்கண்ணுக்குப் பயந்து வளர்ந்தவனுக்கு இதைக் கேட்க எவ்வளவு நிம்மதி!

போன வருடம் அம்மா வந்திருந்தார். சந்தைக்குக் கூட்டிப்போனேன். பழக்கடை அம்மா “ஓலா, குவாப்பா!” என்றார். வேகமாகச் சொன்னால் முதல் எழுத்து காதில் விழாது. “என்னடா இவ, என்னைப் பார்த்து வாப்பாங்கிறா?” என்றார் அம்மா. அழகி என்று சொல்கிறார் என்றேன். எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்பும்வரை தினமும் காலையில் எலுமிச்சம்பழம் வாங்க அம்மா தனியாகவே போய்வந்தார்.