61 இரவு குளிரில், மிச்சம் வெள்ளவத்தை அலுமாரியில்

2017 செப்டெம்பரில் ஒரு இறகு உறக்கப்பை வாங்கினேன். அதோடு சேர்த்து 55 லீற்றர் முதுகுப்பை, ஒருவர் படுக்கும் கூடாரம், கணுக்காலை மூடும் சப்பாத்து ஒரு சோடி. ஏழு வருடம் கடந்துவிட்டது. நேபாளத்தில் அன்னபூர்ணா சுற்றுப்பாதைக்கு இரண்டு தடவை, தை மாதங்களில் ஹோர்ட்டன் சமவெளி, இடையிடையே நக்கிள்ஸ், அப்புறம் மலையகத் தேயிலைத் தோட்டங்களூடே போகும் பெக்கோ நடைபாதையில் துண்டு துண்டாகச் சில நாட்கள். போன வாரம் பழைய டயறிகளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். இந்த உறக்கப்பைக்குள் நான் குளிரில் படுத்தது மொத்தம் 61 இரவு. மிச்சம் இரண்டாயிரத்து ஐந்நூறு இரவும் அது கொழும்பு வெள்ளவத்தையில், கடலில் இருந்து இருநூறு மீற்றர் தள்ளியுள்ள ஒரு பிளாட்டில், அலுமாரிக்குள் கிடந்திருக்கிறது.

வாங்கும்போது இந்தக் கணக்கு மனதில் வரவில்லை. கடையில் சொல்வதும் இணையத்தில் வாசிப்பதும் அந்த 61 இரவைப் பற்றித்தான். என் சாமான்களில் மலை கெடுத்தது என்று ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் தின்றது கொழும்புதான்.

முதலில் மலையைச் சொல்லிவிடுகிறேன். உறக்கப்பையின் சீட்டில் இரண்டு எண் போட்டிருக்கும். என்னுடையதில் மைனஸ் 4, மைனஸ் 10. ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தர அளவுப்படி முதலாவது 'கம்ஃபர்ட்', அதாவது சராசரிப் பெண் ஒருவர் கைகாலைத் தளரவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ளும் குளிர். இரண்டாவது 'லிமிட்', சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்து ஒருவாறு இரவைத் தள்ளும் குளிர். சிலதில் 'எக்ஸ்ட்ரீம்' என்று மூன்றாவது எண்ணும் இருக்கும். அது உயிர் தப்பும் கணக்கு, அதைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். நான் மைனஸ் 10ஐப் பார்த்துக் கொடுத்தேன். மின்விசிறியை மூன்றில் வைத்தாலே போர்வை தேடும் கொழும்பு உடம்புக்கு அந்த மைனஸ் 4 கூடக் கொஞ்சம் புளுகுதான்.

ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அன்னபூர்ணாப் பாதையில் உள்ள மனங் கிராமத்தில்தான் உடம்புக்குப் புரிந்தது. அது 3,500 மீற்றர். அதற்கு மேலே யாக் கர்க்கா, தொரோங் பேதி, பிறகு ஹை கேம்ப். 2017 நவம்பர் கடைசியில் ஹை கேம்ப் அறைக்குள்ளேயே என் சின்ன வெப்பமானி மைனஸ் 7 காட்டியது. மேசையில் வைத்த தண்ணீர் விடியும்போது கல். அன்றிரவு நான் நித்திரை கொண்டேன் என்றால் அதற்குப் பாதிக் காரணம்தான் பை. மறுபாதி, சமையலறையில் சுடுதண்ணீர் வாங்கிப் போத்தலில் நிரப்பி, கம்பளிச் சொக்ஸ் ஒன்றுக்குள் திணித்து, தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டது. காலையில் குடிக்க உறையாத தண்ணீரும் அதுவே. தண்ணீர் வடிகட்டி, போன் பற்றரி இரண்டையும் கூடவே பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். வடிகட்டிக்குள் இருக்கும் நுண்குழாய்கள் ஒருமுறை உறைந்தால் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கிருமி மட்டும் தாராளமாக வரும்.

முதல் வருடம் ஹோர்ட்டன் சமவெளியில் நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். நேபாளத்துக்குப் போய்வந்த தலைக்கனம். இலங்கைக் குளிர் என்ன செய்துவிடும் என்று ஒரு மெல்லிய ஸ்பொஞ்ச் விரிப்போடு போனேன். கடல்மட்டத்தில் இருந்து 2,100 மீற்றருக்கு மேலே உள்ள இடம். தை, மாசியில் விடியற்காலை புல்நுனியில் உறைபனி படியும். இரவு ஒரு மணிக்கு முதுகு விறைத்துப்போய் எழும்பி உட்கார்ந்தேன். மேலே நல்ல சூடு, கீழே ஐஸ். படுக்கும்போது முதுகுக்கடியில் உள்ள இறகு நசுங்கி, அதற்குள் காற்றே இல்லாமல் போகிறது. காற்று இல்லாத இறகு வெறும் குப்பை. கீழிருந்து வரும் குளிரை மறிப்பது விரிப்பு மட்டும்தான். விரிப்பு குளிரை எவ்வளவு மறிக்கும் என்பதைச் சொல்ல 'ஆர் மதிப்பு' என்று ஒரு எண் உண்டு. இரண்டு விரிப்பை ஒன்றின்மேல் ஒன்று போட்டால் இரண்டு எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம். இப்போது அந்த ஸ்பொஞ்சின் மேல் காற்றடிக்கும் விரிப்பு ஒன்றைப் போடுகிறேன். கையில் உள்ள காசு இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் நல்ல விரிப்பை வாங்குங்கள், பையை இரவல் கேளுங்கள்.

அதே விடியற்காலை அடுப்பும் காலை வாரியது. கொழும்பில் மேசை அடுப்புக்கு விற்கும் பியூட்டேன் டின் கொண்டுபோயிருந்தேன். பியூட்டேன் ஆவியாவதே மைனஸ் 0.5 பாகையில்தான். வெளியே இரண்டோ மூன்றோ பாகை, எரிய எரிய டின் இன்னும் குளிரும். நீலச் சுவாலை மெழுகுதிரி மாதிரி ஆகி அணைந்தே போனது. டின்னை ஜாக்கெட்டுக்குள் வைத்து அணைத்துக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரிக் கால்மணி நேரம் இருந்த பிறகுதான் பிளேன்டீ கிடைத்தது. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த டின் என்றால் இந்தப் பாடில்லை. ஆனால் விமானத்தில் எந்த டின்னையும் ஏற்ற விடமாட்டார்கள், நேபாளம் போகிறவர்கள் காத்மண்டுவின் தமேலில் இறங்கித்தான் வாங்க வேண்டும்.

2024இல் இரண்டாவது தடவை போனபோது மனங்கில் இரண்டு நாள் சும்மா இருந்தோம். கூட வந்த மச்சானுக்கு எரிச்சல். "வானம் நல்லாத்தானே இருக்கு, ஏன்டா பயப்படுறாய்?" வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் என்று யாரோ சொன்னது எனக்குப் போதும். 2014 ஒக்டோபர் 12ஆம் திகதி விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹூட்ஹூட் புயலின் மிச்சம் இரண்டு நாளில் ஹை கேம்புக்கு மேலே உள்ள இதே தொரோங் கணவாய்ப் பக்கம் பெரும் பனிப்புயலாகக் கொட்டி, நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் கடலில் கிளம்பியது அங்கே 5,416 மீற்றரில் போய் ஆளைக் கொன்றிருக்கிறது. இதற்கு எந்தப் பையும் உதவாது. மூன்றாம் நாள் கிளம்பி, கணவாயைத் தாண்டி முக்திநாத் இறங்கினோம். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் அதுதான் என்று அம்மா நம்புகிறார், தீர்த்தம் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அங்குள்ள 108 தாரையில் ஒன்றில் பிடித்தது, சுடுதண்ணீர் வைத்துக்கொண்டு படுத்த அதே போத்தலில். இதை அம்மாவுக்குச் சொல்லவில்லை.

சரி, கொழும்புக்கு வருவோம். 2020இல் ஊரடங்கு, 2022இல் பெற்றோல் வரிசை. இடையில் எல்லாம் அலுமாரிக்குள். இங்கே காற்றில் ஈரப்பதன் எண்பது வீதத்தைச் சுற்றியே நிற்கும் என்பதும் வீட்டில் கடல்காற்று வீசும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் மலையில் மழை தாங்கிய பொருளுக்கு வீட்டில் என்ன வரப்போகிறது?

2022 கடைசியில் கூடாரத்தை விரித்தேன். அடித்தளம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது பலாக்காய்ப் பால் மாதிரி இழுத்தது. வாந்தி நாற்றம். துணியின் உட்பக்கம் பூசியிருப்பது பொலியூரிதேன். ஈரக்காற்றில் உள்ள தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அதைச் சிதைத்துவிடும். சூடும் ஈரமும் கூடினால் வேகமாகும். கழுவினாலும் திரும்பாது. முதுகுப்பையின் உட்பூச்சும் அப்படியே, பொடுகு மாதிரி உதிர்ந்தது. கூடாரத்தை எறிந்தேன். முதுகுப்பையை மட்டும் தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறேன், உள்ளே ஒரு பெரிய பொலித்தீன் பையை விரித்து அதற்குள் சாமானைப் போட்டால் போதும். உண்மையில் புதிதாக இருந்தபோதே அப்படித்தான் செய்திருக்க வேண்டும், முதுகுப்பைத் துணியை நம்பி நனையாமல் வந்தவர் யாருமில்லை.

சப்பாத்தின் கதை இன்னும் மோசம். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி. 2023 மார்ச்சில் பெக்கோ பாதையில், ஹந்தானையில் தொடங்கி இரண்டாம் நாள், கலஹாவைத் தாண்டி லூல்கந்துர போகிறோம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் இலங்கையில் முதன்முதலாக வியாபாரத்துக்குத் தேயிலை போட்ட அந்தத் தோட்டம்தான். ஏற்றத்தில் வலது சப்பாத்தின் அடி, வாயைத் திறந்த முதலை மாதிரிப் பிளந்தது. அரை மணி நேரத்தில் இடதும். நடுவில் உள்ள மெத்தையும் பொலியூரிதேன்தான், அதே நோய். தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் இருந்த ஒரு தாத்தா நீல நைலோன் கயிறு கொண்டுவந்து கட்டிவிட்டார்.

"என்னா வெல தம்பி இது?"

சொன்னேன்.

"அடேயப்பா, அதுக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கியிருக்கலாமே" என்றார். அவர் காலில் இறப்பர் செருப்பு. அதோடுதான் நாற்பது வருடம் அந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறார்.

இப்போது போடுவது ஈ.வி.ஏ. என்ற வேறு வகை நுரையில் மெத்தை வைத்த சாதாரணச் சப்பாத்து. அது சீக்கிரம் நசுங்கித் தேயும், ஆனால் அலுமாரிக்குள் இருந்தபடியே செத்துப்போகாது. கூடாரத்தையும் சிலிக்கோன் பூசியதாக மாற்றியாயிற்று. மூன்று மழைக்காலம் தாண்டியும் ஒட்டவில்லை.

உறக்கப்பை மட்டும் பிழைத்தது, அதற்குக் காரணம் அம்மா. சின்னப் பொதியாக அமுக்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "பஞ்சு மெத்தையை ஆராவது இப்படி அமுக்கி வைப்பாங்களா" என்று, அவிழ்த்துப் பெரிய பருத்தித் தலையணை உறைக்குள் தளர்வாகப் போட்டு, தன் கூறைச்சேலை இருக்கும் தட்டில் பூச்சி உருண்டையோடு வைத்துவிட்டார். இறகு விரிந்து கிடப்பதுதான் சரியான முறை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பூச்சி உருண்டை வாசம் மட்டும் இரண்டு பயணத்துக்கு விடவில்லை. ஓஹியாவில் ஒரு இரவு முழுக்கக் கல்யாண வீட்டில் படுத்த மாதிரி இருந்தது.

ஒருமுறைதான் கழுவினேன். வியர்வையும் எண்ணெயும் ஏறி இறகு கட்டியாகிவிட்டது, பை மெலிந்துபோனது. இறகுக்கென்று விற்கும் சவர்க்காரம் கொஞ்சம், குளியல் தொட்டியில் மெதுவாக மிதித்தேன். கழுவுவது சுலபம். வைகாசி மாதக் கொழும்பில் அதைக் காயவைப்பதுதான் தலைவலி. மூன்று நாள் மின்விசிறிக்கடியில் கிடந்தும் நடுவில் ஈரச்சோற்று உருண்டை மாதிரி. கடைசியில் ஒரு லோன்றியில் கெஞ்சி, உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில், மூன்று டென்னிஸ் பந்தோடு போட்டு, ஆறு மணித்தியாலம் காவல் இருந்தேன். பந்து அடித்து அடித்துக் கட்டியை உடைத்தது. வெளியே எடுத்தபோது பை வாங்கிய அன்று போலப் பொங்கி நின்றது.

சிப் இழுப்பி உப்புக்காற்றில் பச்சை பிடித்துப் போனது. புறக்கோட்டையில் நடைபாதையில் இருந்து பை தைப்பவர் ஒருவர் 300 ரூபாவுக்கு மாற்றித் தந்தார். இரண்டு இடத்தில் தையலில் இறகு கசிகிறது. இப்போது மைனஸ் 4ஐ எல்லாம் நம்ப மாட்டேன், உறைநிலைக்குச் சற்று மேலே என்றால் தைரியமாகப் படுப்பேன். அதாவது நம்முடைய மலைகளுக்கு இன்னும் நாலைந்து வருடம் போதும்.

தங்கையின் மகன் வருகிற தை மாதம் ஹோர்ட்டன் சமவெளியில் தொட்டுபொலகந்த மலைப் பக்கம் போகப் பை இரவல் கேட்டிருக்கிறான். கொடுக்கிறேன், ஆனால் திரும்பிவந்த அன்றே அமுக்காமல் விரித்துக் கொண்டுவந்து தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அம்மா அதற்குள் அந்தத் தட்டில் புதுச் சேலை இரண்டை அடுக்கிவிட்டார்.