முந்நூறு தொன்னுக்கு இடமில்லாத அட்டவணை: ‘டிராவலர்’ விண்கப்பல் விதிகள்

அமெரிக்காவின் கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷொப் 1977 இல் வெளியிட்ட ‘டிராவலர்’, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் விண்வெளியைக் களமாகக் கொண்டவற்றுள் மூத்த ஒன்று. அதன் இரண்டாம் கையேடான ‘ஸ்டார்ஷிப்ஸ்’ விண்கப்பலை நாமே வடிவமைக்கும் முறையைத் தருகிறது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் சிலர் ஞாயிறு மாலைகளில் ஆடுவது 1981 இன் திருத்திய பதிப்பை. அச்சுப் பிரதியைத் தேடி அலைவதிலும் மின்பிரதியை வாங்கி அச்சிட்டுக்கொள்வது சுலபம்.

இந்தக் கையேட்டின் அழகு அதன் எளிமை. இயந்திரங்களுக்கு எழுத்துகளே பெயர். கப்பல் உடலின் அளவையும் இயந்திரத்தின் எழுத்தையும் அட்டவணையில் பொருத்தினால் கப்பலின் திறன் தெரிந்துவிடும். ஒரு கொப்பியும் பென்சிலும் இருந்தால் ஒரே மாலையில் கப்பல் தயார். ஆனால் அட்டவணையில் 200 தொன்னுக்கு அடுத்து இருப்பது 400 தொன் (இங்கே தொன் என்பது எடையல்ல, கொள்ளளவு).

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த ‘அன்னபூரணி’யின் பெயரில் எங்கள் குழு ஒரு 300 தொன் வணிகக் கப்பலை வரைந்தது. இடைப்பட்ட அளவுகள் அடுத்த பெரிய நிரலையே பின்பற்ற வேண்டும் என்பது விதி; ஆகவே ஒரே தாவலில் இரண்டு பார்செக் (விண்மீன்களுக்கிடையிலான தூர அலகு) கடப்பதற்கு, 400 தொன் கப்பலுக்கு வேண்டிய அதே ‘டி’ வகை இயந்திரங்களையே, மொத்தம் 45 தொன் இடத்தில், இதிலும் ஏற்ற வேண்டியிருந்தது. கட்டுப்பாட்டு அறைக்கு இரண்டிலும் 20 தொன். 35 தொன் இயந்திரத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் பொறியியலாளரும் இரண்டிலும் இருவர். தாவலுக்கான எரிபொருளில் மட்டும் 20 தொன் குறைகிறது. அதாவது உடலில் 100 தொன்னைக் கைவிட்டவருக்குச் சரக்கறையில் 80 தொன் போய்விடுகிறது; தொன்னுக்கு 1,000 கிரெடிட் (விளையாட்டின் நாணயம்) வாடகை என்பதால், சரக்கு நிரம்பக் கிடைக்கும் பயணம் ஒவ்வொன்றிலும் 80,000 கிரெடிட் இழப்பு.

விலையைப் பார்த்தபோதுதான் எங்கள் மேசையில் சிரிப்பு எழுந்தது. 400 தொன் நிலையான (முன்பே வகுத்த அளவிலான) உடலுக்கு 1.6 கோடி கிரெடிட்; தனிப்பயன் உடலுக்குத் தொன்னுக்கு ஒரு லட்சம் என்பதால் 300 தொன்னுக்கு 3 கோடி! கப்பற்கடனின் மாதத் தவணை விலையில் 240 இல் ஒரு பங்கு என்பதையும் சேர்த்தால், சிறிய கப்பலின் முதலாளி மாதம் 58,000 கிரெடிட்டுக்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறார். தொகுதியாகக் கட்டுவது மலிவு என்ற நியாயம் புரிகிறது. ஆனாலும் வாடிக்கையாளரின் தேவைக்கேற்பக் கப்பல் கட்டிய ஊர்களுக்கு அருகில் இருந்துகொண்டு இந்த விதியை ரசிக்க என்னால் முடியவில்லை.

1980 இல் திருத்தி வெளியிடப்பட்ட ‘ஹை கார்ட்’ என்ற இன்னொரு ‘டிராவலர்’ கையேடு இதற்கு நல்ல மாற்று. அங்கே இயந்திர அளவு உடலின் சதவீதமாகக் கணிக்கப்படுகிறது. இரண்டு பார்செக் தாவலுக்கு 3 சதவீதம். எனவே ‘அன்னபூரணி’யின் தாவல் இயந்திரம் 25 தொன்னிலிருந்து 9 தொன்னாகச் சுருங்குகிறது, 270 தொன்னோ 330 தொன்னோ எழுதினாலும் தண்டனை இல்லை. கணக்கு நீளம், போர்விதிகள் கடற்படைகளுக்கானவை, நான்கு பேர் ஆடும் மேசைக்கு அவை பாரம். ஆகவே அதில் வடிவமைப்புப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, சண்டைக்குப் பழைய கையேட்டையே வைத்திருக்கிறோம்.

புதிதாக ஆடத் தொடங்குவோர் ‘ஸ்டார்ஷிப்ஸ்’ கையேட்டை வாங்கி 200 அல்லது 400 தொன்னோடு நிற்கலாம். விரும்பிய அளவில் கட்ட நினைப்போருக்கு ‘ஹை கார்ட்’ அவசியம். அப்போதும் 100 தொன்னுக்கு ஓர் ஆயுத மேடை என்ற விதி இருப்பதால், 290 தொன் என்று எழுதுவதற்கு முன் இரண்டு மேடை போதுமா என்று யோசித்துக்கொள்வது நல்லது.