மண்ணீரல் இல்லாமல் ஊரில் ஐந்து வாரம்

2011இல் கும்பகோணம் பக்கம் நடந்த பைக் விபத்தில் என் மண்ணீரல் கிழிந்து, உயிரைக் காப்பாற்ற அதை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் நன்றாகத்தான் செய்தார்கள். ஆனால் அதற்கப்புறம் தடுப்பூசி போட வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆறு வருடம் கழித்து லண்டனில், வயிற்றுத் தழும்பைப் பார்த்து ஒரு நர்ஸ் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கு எதிரான நிமோகாக்கல், மெனிஞ்சோகாக்கல் ஊசிகள், வருடா வருடம் ஃப்ளூ ஊசி, தினம் இரண்டு வேளை பெனிசிலின் எல்லாம் அதன் பிறகு வந்தவை. மேலே வழவழப்பான உறை போர்த்திய சில கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டிப் பிடிப்பது மண்ணீரல்தான். அது இல்லாதவருக்குக் காலையில் தொடங்கும் காய்ச்சல் இரவுக்குள் உயிருக்கே ஆபத்தாகிவிடலாம்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போன நான்காம் நாள், அத்தை வீட்டுத் திண்ணையில் தெரு நாய்க்குட்டிக்கு பிஸ்கட் போடும்போது ஆள்காட்டி விரலில் பல் பதிந்துவிட்டது. சின்னதாக இரண்டு புள்ளி, ஒரு சொட்டு ரத்தம். "மஞ்சள் வெச்சுக் கட்டு தம்பி" என்றார் அத்தை. மெடிக்கலில் டிடி ஊசி போதும் என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே சிஸ்டர் சீட்டு எழுதுவதற்கு முன்பே என்னைக் குழாயடிக்கு அழைத்துப் போனார். சோப்பு, ஓடும் தண்ணீர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழுசாகப் பதினைந்து நிமிடம். விரல் நுனி சுருங்கி வெளுத்துவிட்டது. காயத்தைச் சுற்றி, உடனே பாதுகாப்பு தரும் தயார்நிலை எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின், தோலில் நாய்க்கடி ஊசி; மறுபடி 3, 7, 28ஆம் நாட்களில். காசு எதுவும் வாங்கவில்லை. மண்ணீரல் இல்லை என்று குறித்து என் பர்ஸில் வைத்திருந்த கார்டை டாக்டர் அம்மா நிதானமாகப் படித்துவிட்டு, பெனிசிலின் அலர்ஜி உண்டா என்று கேட்டு, கோ-அமாக்சிக்ளாவ் என்ற ஆன்டிபயாடிக்கும் எழுதினார். நாயின் எச்சிலில் கேப்னோசைட்டோபேகா என்ற கிருமி இருக்கும். மற்றவர்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மண்ணீரல் இல்லாதவர்களுக்கு ரத்தத்தில் பரவி உயிரையே எடுக்கலாம். தினம் போடும் பெனிசிலினை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்றார்.

மூன்றாம் வாரம் ஓர் இரவு குளிர் நடுக்கம், 102 டிகிரி. அவசரத்துக்கென்று கையில் வைத்திருந்த ஆன்டிபயாடிக்கை விழுங்கிவிட்டு, டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். "வைரல் ஃபீவர் சார், ஊரெல்லாம் இருக்கு. பாராசிட்டமால் போடுங்க, காலையில பார்க்கலாம்" என்றார் டியூட்டி டாக்டர். கார்டை வாங்கி, படிக்காமலே திருப்பிக் கொடுத்தார். பெரிய டாக்டரிடம் பேசாமல் நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். நாற்பது நிமிடம் கழித்து அவர் போனில் வந்தார். "மண்ணீரல் எடுத்தாச்சு டாக்டர்" என்றதும் குரலே மாறிவிட்டது. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு நரம்பில் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஏறியது. மலேரியாவுக்கும் பார்த்தார்கள். இரண்டு நாளில் வீடு திரும்பினேன். அந்த நாற்பது நிமிடத்தை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. உட்கார்ந்து அடம்பிடிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? கத்தியே படாமல் மண்ணீரல் செயலிழப்பவர்களும் உண்டு. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இருப்பது 1952லேயே தெரியவந்தது. அந்த நோய் மண்ணீரலை மெல்ல மெல்லத் தின்றுவிடும்.

மறுநாளே ஜெராக்ஸ் கடையில் தமிழில் ஒரு அட்டை அடித்து லேமினேட் செய்தேன்: "எனக்கு மண்ணீரல் இல்லை. காய்ச்சல் வந்தால் உடனே ஆன்டிபயாடிக் தேவை. காலை வரை காத்திருக்கக் கூடாது." ஒன்று பர்ஸில், ஒன்று அத்தை வீட்டு ஃபிரிட்ஜ் மேல். 28ஆம் நாள் கடைசி ஊசிக்குப் போனபோது சிஸ்டர் என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அந்த அட்டையில் ஒரு நகல் கேட்டு வாங்கி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.