ஃபிரெஞ்ச் ஃபிரைஸ்: பத்து நிமிடம் கழித்தும் முறுகலாக இருப்பது எது?

வீட்டில் பொரிக்கும் ஃபிரெஞ்ச் ஃபிரைஸில் எல்லாருக்கும் ஒரே குறைதான். வாணலியிலிருந்து எடுக்கும்போது மொறுமொறு, சாப்பிட உட்காருவதற்குள் வதவத. அதனால் எந்த முறையையும் சுடச்சுடத் தின்றுவிட்டுத் தீர்ப்புச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். தட்டில் கொட்டி, பத்து நிமிடம் கழித்து ஒரு துண்டை நுனியில் பிடித்துத் தூக்குவேன். விறைப்பாக நின்றால் தேறியது, தலை தொங்கினால் போச்சு. நான்கு முறைகளை இப்படிச் சோதித்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கிய துண்டுகள், சூரியகாந்தி எண்ணெய், எண்ணெயில் பொரித்தவற்றுக்கு அதே இரும்பு வாணலி.

உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். எண்ணெயில் விழுந்ததும் மேற்புறத்து நீர் ஆவியாகிப் போய், அங்கே காய்ந்த ஓடு உருவாகிறது. வெளியே எடுத்து வைத்தபின் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் மெல்ல ஓட்டுக்கு வந்து அதை நமுக்க வைக்கிறது. ஓடு கனமாக இருந்தால் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். நான்கு முறைகளும் அந்த ஓட்டைக் கனமாக்கும் நான்கு வழிகள்.

முறைக்கு முன்னால் கிழங்கு. கடைகளில் கிடைக்கும் ஃபிரைஸுக்கென்றே வளர்க்கும் ரகங்கள் உண்டு: அமெரிக்காவில் ரசெட் பர்பேங்க், பெல்ஜியத்தில் பின்ட்யே, நம் நாட்டில் குஃப்ரி ஃபிரைசோனா. மாவு அதிகம், நீர் குறைவு, ஆளும் நீளம். நம் காய்கறிக் கடையில் ரகத்தின் பெயர் கேட்டால் ‘ஊட்டி’ அல்லது ‘ஆக்ரா’ என்று ஊர்ப் பெயர்தான் பதிலாக வரும். சந்தேகமிருந்தால் 11 கப் தண்ணீரில் 1 கப் உப்பைக் கரைத்துக் கிழங்கைப் போட்டுப் பாருங்கள். மூழ்கினால் மாவுக் கிழங்கு, மிதந்தால் நீர்க் கிழங்கு. என் வீட்டில் பாதிக்கு மேல் மிதந்தன. அப்புறம், ஃப்ரிட்ஜில் வைத்த கிழங்கு வேண்டாம். குளிரில் மாவின் ஒரு பகுதி சர்க்கரையாகிவிடும், பொரிக்கும்போது முறுகுவதற்கு முன்னாலேயே கறுத்துப்போகும்.

முதலில் பெல்ஜியம் பாணி இரட்டைப் பொரியல். நறுக்கிய துண்டுகளைத் தண்ணீர் தெளியும்வரை அலசி, துணியில் ஒற்றி, 150 - 160 டிகிரி எண்ணெயில் நிறம் மாறாமல் வேகவிட்டு எடுக்க வேண்டும். அரை மணி ஆறவைத்து, 180 - 190 டிகிரியில் மறுபடி பொரிக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சொட்டு பஜ்ஜி மாவு போதும். மெதுவாக மேலே வந்தால் முதல் சுற்றுக்கு, விழுந்த வேகத்தில் எழும்பினால் இரண்டாம் சுற்றுக்கு. ஒழுங்கான, நம்பகமான முறை. மாவுக் கிழங்கில் செய்தபோது பத்து நிமிடச் சோதனையில் சுலபமாகத் தேறியது. நீர்க் கிழங்கில் பாதித் துண்டுகள் தலை தொங்கின.

இரண்டாவது, அவித்து உறையவைத்துப் பொரிப்பது. லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் விட்ட கொதிநீரில் பத்து நிமிடம் அவிக்கிறோம். கிழங்கின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் சீக்கிரம் கரையாது, அதனால் துண்டுகள் வெந்தும் குழையாமல் நிற்கின்றன. வடித்து, ஆறவிட்டு, சூடான எண்ணெயில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். உறையும்போது பனித்துகள்கள் செல் சுவர்களைக் கிழித்துவிடுவதால், மறுநாள் பொரிக்கையில் நீர் எளிதாக வெளியேறுகிறது. லண்டனுக்கு வெளியே தி ஃபேட் டக் உணவகம் நடத்தும் ஹெஸ்டன் புளூமென்தாலின் மும்முறைச் சமையலும் இதற்குச் சொந்தம்தான். அவர் உடையும் நிலைவரை அவித்து, 130 டிகிரியில் ஒரு முறை, 180 டிகிரியில் ஒரு முறை பொரிப்பார். முறுகலில் இதை மிஞ்ச எதுவுமில்லை. பத்து நிமிடம் என்ன, இருபது நிமிடம் கழித்தும் என் துண்டுகள் விறைப்பாக நின்றன. ஆனால் இன்று ஆசைப்பட்டால் நாளைக்குத்தான் கிடைக்கும். ஐஸ் ட்ரேயும் மீன் பொட்டலமும் போக ஃப்ரீசரில் ஒரு தட்டு வைக்க இடம் பார்ப்பது தனிக்கதை.

ஏர் ஃப்ரையரைப் பற்றிச் சுருக்கமாக. பொட்டலத்தில் வாங்கும் உறைந்த ஃபிரைஸ் அதில் அருமையாக வரும். காரணம், அது தொழிற்சாலையிலேயே ஒரு முறை எண்ணெயில் குளித்து வந்தது. பச்சைக் கிழங்கை நறுக்கி ஒரு கரண்டி எண்ணெய் பிசறிப் போட்டால் வருவது சுட்ட உருளை. வாசனை நன்றாக இருக்கும், ஓடு மட்டும் தோல்போல இழுக்கும். எண்ணெய் கூடாது என்று டாக்டர் சொன்னவர்கள் வினிகர் நீரில் அவித்துவிட்டுப் போடுங்கள், கொஞ்சம் தேறும்.

கடைசி முறையைக் கேட்டதும் நான் சிரித்தேன். ஆறிய எண்ணெயில் பச்சைத் துண்டுகளைப் போட்டு, அதற்குப்பிறகு அடுப்பைப் பற்றவைப்பது! பிரெஞ்சுச் சமையல் வல்லுநர் ஜோயல் ரோபுஷோன் பெயரைச் சேர்த்துச் சொல்லப்படும் முறை இது. ‘எண்ணெய் காயாமல் போட்டால் குடிச்சிடுமே’ என்று அம்மா பதறினார். பயந்தபடி நடக்கவில்லை. வேகும்போது நீராவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெயால் அதிகம் உள்ளே புக முடியாது. கிழங்கு எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் எடுத்தபிறகு, ஆறும்போதுதான். ஒரே ஒரு கட்டுப்பாடு: முதல் கால் மணி நேரம் கரண்டியைப் போடக்கூடாது, துண்டுகள் உடையும். அதன்பின் ஜல்லிக்கரண்டியால் லேசாகப் புரட்டி, மொத்தம் 25 நிமிடம்போல. முறுக்கு சுடும்போது கேட்கிற மாதிரியே இங்கேயும் காதுதான் கடிகாரம். சலசலப்பு அடங்கி, நுரை குறைந்தால் எடுக்கலாம்.

ஆச்சரியம் என்னவென்றால், உப்புத் தண்ணீரில் மிதந்த அந்த நீர்க் கிழங்குகூட இதில் தேறியது. மெதுவாகச் சூடேறும் அந்த நேரத்தில் உள்ளே வெந்து, மேலே நிதானமாகக் காய்ந்து, கனமான ஓடு பிடிக்கிறது. மாவுக் கிழங்கோ இதில் சற்று உடைகிறது. அரைக் கிலோவுக்கு மேல் ஒரே வாணலியில் திணிக்கவும் முடியாது. ஆனாலும் என் வீட்டுச் சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கு இதுதான். விருந்தாளி வருவது முந்தின நாளே தெரிந்தால் ஃப்ரீசர் முறை. நல்ல மாவுக் கிழங்கு கையில் சிக்கினால் இரட்டைப் பொரியல்.

எதைச் செய்தாலும் எடுத்தவுடன் உப்புத் தூவுங்கள், ஆறினால் ஒட்டாது. பேப்பர்மேல் குவிக்காமல் சல்லடையில் பரப்பி வையுங்கள், மூடி மட்டும் போடாதீர்கள். பிள்ளையின் டிபன் பாக்ஸில் அடைத்தும் பார்த்தேன். பதினொரு மணி இன்டர்வெல்லுக்குள் நான்கு வகையும் ஒன்றுபோலக் கொழகொழத்துப் போயின. பள்ளிக்கு உருளைக்கிழங்கு வறுவல்தான் கொடுத்தனுப்புகிறேன்.