அப்பாவின் மஞ்சள் பையும் மூன்று தாள்களும்

அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. என் மனத்தில் இன்னும் ஆறாமல் இருப்பது அதற்கு முந்தைய நான்கு நாட்கள்தான். அதை எழுதாமல் லண்டன் வேலைக்குத் திரும்ப முடியவில்லை.

நான்கு வார விடுப்பில் விருதுநகர் வந்தவள், முதல் வாரமே அப்பாவை மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். எங்கள் வீட்டுக்கு அது புதிய இடமல்ல. டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த மருத்துவமனையின் முகாமில்தான் அப்பத்தாவுக்குப் புரை எடுத்தார்கள். பஸ்ஸில் கூட்டிப்போய், கறுப்புக் கண்ணாடி மாட்டித் திருப்பி அனுப்பினார்கள். அப்பாவுக்கு வந்திருப்பது புரை அல்ல, கண்நீர் அழுத்த நோய். அவரும் எல்லோரையும்போல 'க்ளாக்கோமா' என்றுதான் சொல்வார். மூன்று சொட்டு மருந்து விட்டும் வலது கண்ணில் அழுத்தம் குறையாமல் 26. இடது கண்ணுக்கு முகத்துக்கு நேரே கையசைத்தால் மட்டும் தெரியும்.

டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பழைய ஃபீல்டு டெஸ்ட், அதாவது பக்கப் பார்வை எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் பரிசோதனை, அதன் தாள்கள் இருக்கின்றனவா அம்மா? எவ்வளவு வேகமாகப் பார்வை குறைகிறது என்று தெரிய வேண்டும்."

அப்பா எங்கள் பக்கத்திலேயே ஒரு கண் மருத்துவமனையில் பதினொரு வருடமாகக் காட்டிவந்தார். பெயர் வேண்டாம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கே போய் நின்றேன். "கம்ப்யூட்டரை மாற்றிவிட்டோம், பழையது எதுவும் இல்லை" என்றார் கவுன்டரில் இருந்த பெண். அப்பாவின் பெயரைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள், டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் டாக்டர் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். நான்காம் நாள் மாலை கையில் ஒரு கடிதம் தந்தார்கள். 'க்ளாக்கோமா. மருந்தைத் தொடரவும்' என்று இரண்டே வரி. பதினொரு வருடத்துக்கு இரண்டு வரி! நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

லண்டனில் எங்கள் தெருமுனைக் கண்ணாடிக் கடையில்கூட ஒவ்வொரு முறையும் பார்வை நரம்பைப் படம் பிடித்து, பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். அப்பாவுக்கு இந்த நோய் என்பதால், நாற்பது தாண்டிய எனக்கு அங்கே கண் பரிசோதனைக்குக் கட்டணமும் கிடையாது. அதே லண்டனில் பெரிய மருத்துவமனையில் நாள் வாங்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதும் உண்மை. மதுரையில் காலையில் நுழைந்த அப்பாவுக்கு மாலைக்குள் எல்லாப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. ஆனால் பதிவு என்பது நோயாளியின் சொத்து என்ற எண்ணம் நம் ஊர்ச் சின்ன மருத்துவமனைகளுக்கு எப்போது வரும்?

அந்த நான்காம் நாள் இரவு அப்பா பீரோவுக்கு மேலிருந்து ஒரு மஞ்சள் பையை இறக்கச் சொன்னார். ஏதோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. கரண்டு பில், வீட்டு வரி ரசீது, அவற்றுக்கு அடியில் குண்டூசி குத்திய கண் சீட்டுக் கட்டு. காற்றை ஊதி அழுத்தம் பார்க்கும் இயந்திரத்திலிருந்து வந்த வழவழப்பான சீட்டுகள். ஒன்றுவிடாமல் தேதிவாரியாக அடுக்கியிருந்தார். அத்தனையும் வெள்ளை. அந்தக் காகிதத்தில் மை கிடையாது, சூட்டில் பதிந்த எழுத்து, வருடம் போனால் மங்கிவிடும். ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் ஒன்றில் மட்டும் ஒரு 2 தெரிந்தது. பக்கத்தில் இருந்தது 4ஆ 9ஆ என்று என்னால் சொல்ல முடியவில்லை. 24க்கும் 29க்கும் இடையில் எவ்வளவு இருக்கிறது!

கட்டுக்கு அடியில், நான்காக மடித்து, சாதாரணத் தாளில் அச்சான மூன்று ஃபீல்டு டெஸ்ட் கிடைத்தது. 2014, 2017, 2019.

டாக்டர் அவற்றைப் புதிய தாளோடு சேர்த்து மேசைமேல் வரிசையாக வைத்தார். எனக்கே தெரிந்தது. முதல் தாளில் மூக்குப் பக்கம் மேலே ஒரு சின்னக் கறுப்புத் திட்டு, பார்வை போன இடம். அடுத்ததில் அது வில்லாக வளைந்திருந்தது. மூன்றாவதில் நடுப்புள்ளியை நெருங்கியிருந்தது. புதியதில் நடுவே வட்டமாக மட்டும் கொஞ்சம் வெளுப்பு. அந்த மூன்று தாள்களும் அதே மருத்துவமனை அச்சடித்துக் கொடுத்தவை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை நான் மன்னிப்பதாக இல்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. லேசரைப் பற்றிக் கேட்டேன். இங்கிலாந்தில் 2022 முதல் புதிதாகக் கண்டறியப்படும் பலருக்குச் சொட்டு மருந்துக்கு முன்பே லேசரைத்தான் பரிந்துரைக்கிறார்கள். அது தொடக்கத்தில் உதவும், இவ்வளவு முற்றிய பிறகு அதன் பலன் போதாது என்றார் டாக்டர். கண்ணுக்குள் மிகச் சிறிய குழாய் வைக்கும் புதிய சிகிச்சைக்கும் அதே பதில். அப்பாவுக்கு வேண்டியது டிரபெகுலெக்டமி.

ஆலோசகர் பெண் என்னைப் பார்த்துப் பேசாமல், பிளாஸ்டிக் கண்ணை அப்பாவின் கையில் கொடுத்து அவரிடமே விளக்கினார். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழி அடைத்திருக்கிறது, மேல் இமைக்கு அடியில் வெள்ளை விழியில் ஒரு சின்னக் கதவு வெட்டிப் புது வழி செய்வோம் என்றார். அப்பா உடனே, "கண்மாய் நிரம்பினால் கரை உடையாமல் கலுங்கில் விடுவோமே, அதுபோலவா?" என்று கேட்டார். அதேதான். மற்ற ஆபரேஷனில் காயம் நன்றாக மூட வேண்டும். இதில் அந்தக் கதவு மூடிக்கொண்டால் ஆபரேஷன் தோற்றுவிடும், அதனால் தழும்பு கட்டாமலிருக்க மைட்டோமைசின் என்ற மருந்தை வைப்பார்கள். அப்படியும் மூடிவிட்டால் அடுத்தது, கண்ணிலிருந்து நீரை வெளியே கொண்டுபோக டியூப் வைப்பது. மதுரையிலேயே அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் செய்யும் டியூப்பும் இருக்கிறது. அதை முதலில் அடைத்துக் கட்டிய நூல் கரைந்து நீர் ஓட ஐந்தாறு வாரம் ஆகும்.

"போன பார்வை திரும்பாது ஐயா. இருப்பதைக் காப்பாற்றத்தான் இது." பதினொரு வருடத்தில் அப்பாவிடம் இதை நேராகச் சொன்ன முதல் ஆள் அந்தப் பெண்தான். அப்பா பிளாஸ்டிக் கண்ணைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "சரிம்மா, இருப்பது போதும்" என்றார்.

குனியக் கூடாது, பளு தூக்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கண்ணைக் கசக்கவே கூடாது. இந்தக் கட்டுப்பாடுகள் சில வாரங்களுக்கு. ஆனால் கண் சிவந்து வலித்தாலோ சீழ் தெரிந்தாலோ, எத்தனை வருடம் கழித்து என்றாலும் அன்றே ஓடி வர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த தம்பியையும் அங்கேயே உட்கார வைத்துப் பரிசோதித்தோம். ஒரே ரத்தம், அவனும் வருடா வருடம் பார்க்க வேண்டும்.

நான் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் மறுபரிசோதனை. அழுத்தம் 12. டாக்டர் அதை அப்பாவின் நோட்டில் நீல மையில் எழுதித் தந்தார். அப்பா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலால் தொட்டுப் பார்த்து, "இது பேனாவால் எழுதியதுதானே?" என்று என்னிடம் கேட்டார்.